யோஷியோ நிஷினாவை எந்தக் கணக்கில் வைப்பது?

காமா_குறிப்பேடு (தொடக்கப் பதிவு):

அனைவருக்கும் வணக்கம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பிரிவொன்றில் மருத்துவ இயற்பியலாளராகப் பணிபுரிகிறேன். க்ளைன்-நிஷினா சூத்திரத்தை (எக்ஸ்ரே, காமாக் கதிர்கள் எலக்ட்ரானில் மோதினால் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று சொல்வது) முதுகலை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியவன்தான். ஆனால் அந்த நிஷினா யார், அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவி ஒருவர், லினாக் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் நோயாளியைப் படுக்கவைத்து எடுத்த படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "சார், சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று தெரிகிறது, இதில் ஏன் எல்லாமே சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது?" என்று கேட்டார். குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே, எலும்பிலுள்ள கால்சியத்தில் ஒளிமின் விளைவால் பெரிதும் விழுங்கப்பட்டுவிடுகிறது. லினாக் தரும் உயர் ஆற்றல் கதிர்களோ உடலுக்குள் பெரும்பாலும் எலக்ட்ரான்களில் மோதித் திசைமாறும் காம்ப்டன் சிதறலுக்கே உள்ளாகின்றன. அந்தச் சிதறலுக்கு எலும்பும் தசையும் ஏறக்குறைய ஒன்றுதான். எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பது மட்டுமே அங்கே பேச்சு. இதைச் சொல்லி முடித்ததும், "அப்படியானால் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு தொடங்கிய வாசிப்புதான் இந்த இழைக்குக் காரணம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1890இல் ஒகயாமா மாகாணத்தின் சதோஷோ என்ற சிற்றூரில் பிறந்தார். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் 1918இல் பட்டம் பெற்றது மின்பொறியியலில். அப்போது புத்தம் புதிதாக இருந்த ரிக்கென் ஆய்வுநிலையத்தில் (அது 1917இல் பிறந்தது) சேர்ந்து, 1921இல் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். கேம்பிரிட்ஜில் ரதர்ஃபோர்டு, பிறகு கோட்டிங்கன், 1923 முதல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர். நாடு திரும்பியது 1928 இறுதியில். 1931இல் ரிக்கெனில் தனி ஆய்வகம், 1937இல் சைக்ளோட்ரான் (அணுத்துகள்களைச் சுழற்றி முடுக்கும் கருவி), போர்க்காலத்தில் அணுகுண்டு ஆய்வு, 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் படையினர் சைக்ளோட்ரான்களை வெட்டிக் கடலில் எறிந்தது, 1951 ஜனவரியில் மறைவு.

என் கேள்வி இதுதான். ஒரு சூத்திரத்தில் பாதிப் பெயர் தவிர உலகப் பாடநூல்களில் அவருக்கு இடமில்லை. ஜப்பானிலோ அவரை நவீன இயற்பியலின் தந்தை என்கிறார்கள். இந்த இரண்டில் எது சரியான அளவு?

நூலகத்_தூசி:

நல்ல இழை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குடத்தைக் கவிழ்க்கிறேன், மன்னிக்கவும். "தந்தை" என்ற பட்டத்தை நாம் வாரி வழங்குவது அதிகம். ஜப்பானில் நிஷினாவுக்கு முன்பே, 1904இலேயே, நடுவில் நேர்மின் கோளமும் சுற்றிலும் சனிக்கோளின் வளையம்போல் எலக்ட்ரான்களும் கொண்ட அணு மாதிரியை முன்வைத்த ஹன்தாரோ நகவோக்கா இருந்தார். நிஷினா இயற்பியல் பயிலத் தொடங்கியது அவரிடம்தான். கோட்பாட்டில் உலகை அசைத்தவர்கள் யுகாவாவும் டோமோனாகாவும். நோபல் பரிசும் அவர்களுக்கே, 1949இலும் 1965இலும். நிஷினாவின் பெயரில் தனித்து நிற்கும் பெரிய கண்டுபிடிப்பு எது?

இரண்டாவது, அணுகுண்டு ஆய்வைத் தொடக்கப் பதிவு ஒரே சொற்றொடரில் கடந்துபோகிறது. அதைப் பேசாமல் அவர் வாழ்க்கையைப் பேசினால் அது நினைவு மலர்க் கட்டுரை ஆகிவிடும்.

பழைய_கரும்பலகை:

காமா_குறிப்பேடு, "ஒரு சூத்திரத்தில் பாதிப் பெயர்" என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். முப்பதாண்டுகளுக்கும் மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தப் பாதியின் எடையை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

காம்ப்டன் 1923இல் சொன்னது, சிதறிய கதிர் எந்தக் கோணத்தில் போனால் அதில் எவ்வளவு ஆற்றல் மிஞ்சியிருக்கும் என்பதை. பில்லியர்ட்ஸ் பந்துகள் மோதுவதுபோன்ற கணக்கு அது. மாணவர் அரைமணி நேரத்தில் போட்டுவிடலாம். ஆனால் எந்தக் கோணத்தில் எத்தனை கதிர்கள் போகும்? அதற்கு எலக்ட்ரானைப் பற்றிய முழுமையான கோட்பாடு வேண்டும். 1926இல் டிராக்கும் கோர்டனும் எலக்ட்ரானின் சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் ஒரு விடை சொல்லியிருந்தார்கள். 1928 தொடக்கத்தில் டிராக் எலக்ட்ரானுக்கான தம் புகழ்பெற்ற சமன்பாட்டை வெளியிட்டார். அதை வைத்து இந்தச் சிதறலைக் கணக்கிட வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் கோபன்ஹேகனில் இருந்த ஆஸ்கர் க்ளைனும் நிஷினாவும். இன்று ஃபெய்ன்மன் வரைபடம் இரண்டை வரைந்து, பழக்கப்பட்ட கை ஒரு மாலைக்குள் முடித்துவிடும் கணக்கு அது. அன்று அந்த வழிகள் எதுவும் கிடையாது. இருவரும் தனித்தனியே போட்டு, விடைகளை ஒப்புப்பார்த்து, பிழை கண்ட இடத்திற்குத் திரும்பிப் போய் மறுபடி போட்டார்கள். பக்கம் பக்கமாக நீளும் இயற்கணிதத்தில் ஒரு குறி மாறினாலும் எல்லாம் போயிற்று என்பதை, இதைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சூத்திரம் வந்ததும் பலரும் அதைச் சோதிக்கக் கிளம்பினார்கள். இலேசான தனிமங்களில் அது கச்சிதமாகப் பொருந்தியது. ஈயம் போன்ற கனமான தனிமங்களில் உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் சூத்திரம் சொன்னதைவிட அதிகமாக விழுங்கப்பட்டன. 1930இல் லீசா மைட்னரின் ஆய்வகத்திலும், கால்டெக்கில் சீனரான சாவ் சுங்-யாவ் என்பவரும், பிரிட்டனிலும் இதையே பார்த்தார்கள். அந்த அதிகப்படிதான் காமாக் கதிர் மறைந்து எலக்ட்ரானும் பாசிட்ரானும் (நேர்மின் கொண்ட எலக்ட்ரான்) இணை இணையாகப் பிறக்கும் நிகழ்வு என்று பின்னர் விளங்கியது. சரியான சூத்திரம் ஒன்று கையில் இல்லாதிருந்தால் "அதிகப்படி" என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இருந்திருக்காது. 1934இல் அந்த இணைப் பிறப்பைப் பற்றியே நிஷினா, டோமோனாகா, சகாத்தா மூவரும் சேர்ந்து கணக்கிட்டு எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

காமா_குறிப்பேடு:

ஐயா சொன்னதற்கு எங்கள் துறையிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. சிகிச்சை அறைக்குச் சுவர் எழுப்பும்போது, நோயாளியின் உடலில் பட்டுப் பக்கவாட்டில் 90 பாகையில் சிதறும் ஒளியன் (ஃபோட்டான்), எவ்வளவு பெரிய ஆற்றலோடு வந்திருந்தாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது என்பதைப் பிடித்துக்கொள்வோம். நேரே பின்னால் திரும்பினால் 255தான். அது காம்ப்டன் கணக்கு. ஆனால் அந்தப் பக்கம் எத்தனை ஒளியன்கள் வரும் என்பது க்ளைன்-நிஷினா. சுவரின் தடிமனில் இரண்டும் இருக்கின்றன.

மாலை_நடை:

நூலகத்_தூசி அவர்களின் கேள்வியிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். யுகாவாவும் டோமோனாகாவும் எங்கிருந்து வந்தார்கள்?

இருவரும் கியோட்டோவில் ஒரே வகுப்பு. 1929இல் பட்டம் பெற்று, ஊதியமில்லாத உதவியாளர்களாக அங்கேயே இருந்தார்கள். புதிய குவாண்டம் இயற்பியலைச் சொல்லித்தர அங்கே ஆளில்லை. ஐரோப்பிய ஆய்விதழ்களைத் தாங்களே படித்துப் புரிந்துகொண்டார்கள். 1931இல் நிஷினா கியோட்டோவுக்கு வந்து சில வாரங்கள் சொற்பொழிவாற்றினார். ஐந்தாண்டுகளாக நீல்ஸ் போருடன் உண்டு உறங்கிப் பேசிய ஒருவர் முதல்முறையாக அவர்கள் முன்னால் கரும்பலகையில் எழுதுகிறார். கூச்ச சுபாவமுள்ள டோமோனாகா, தயங்கித் தயங்கிக் கேள்வி கேட்டார். அடுத்த ஆண்டு ரிக்கெனுக்கு வருமாறு அழைப்பு வந்தது. வேலைக்கு ஆள் எடுப்பது என்றால் அதுதான்.

நிஷினா ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்தது சூத்திரத்தை மட்டும் அல்ல. கோபன்ஹேகனில் பேராசிரியர் சொன்னதை இருபத்தைந்து வயதுக்காரர் முகத்துக்கு நேரே மறுப்பது அன்றாட வழக்கம். ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் அப்போது அது நினைத்துப்பார்க்க முடியாத காரியம். நிஷினாவின் ஆய்வகத்தில் கருத்தரங்குகளில் யாரும் யாரையும் கேள்வி கேட்கலாம். கோட்பாட்டாளரும் கருவி கட்டுபவரும் உயிரியலாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவரை எல்லோரும் "ஒயகத்தா" என்றே அழைத்தார்கள். நம்மூரில் கட்டட வேலையில் மேஸ்திரி என்கிறோமே, தொழில் கற்றுக்கொடுத்து, வேலையும் பிடித்துக்கொடுத்து, தன் ஆட்களுக்காகச் சண்டையும் போடுகிறவர், ஏறக்குறைய அந்தப் பொருள்.

ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டோமோனாகா 1937 முதல் 1939 வரை லைப்சிக்கில் ஹைசன்பர்க்கிடம் இருந்தார். ஆய்வு நகரவில்லை, தனிமை, உடன்படித்த யுகாவாவின் பெயரோ உலகெங்கும் பேசப்படுகிறது. தம் மனச்சோர்வை நிஷினாவுக்கு எழுதினார். வந்த பதிலை டோமோனாகா தம் நாட்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். பலன் கிடைப்பதும் கிடைக்காததும் நற்பேறைப் பொறுத்தது, முன்னே என்ன இருக்கிறதென்று தெரியாத கவர்வழியில் நிற்பவர்கள்தான் நாம் எல்லோரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். படித்ததும் கண்ணீர் வந்தது என்று டோமோனாகா எழுதுகிறார். ஆய்வு மாணவரிடம் கட்டுரை எண்ணிக்கை கேட்கும் வழிகாட்டிகள் இதைப் படிக்கலாம்.

நூலகத்_தூசி:

மேஸ்திரி என்ற ஒப்புமை பிடித்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேஸ்திரி யாருக்காகக் கட்டினார் என்பதையும் கேட்க வேண்டுமல்லவா?

அறிந்தவற்றை வரிசையாக வைக்கிறேன். 1941இல் ராணுவ விமானத்துறை ரிக்கெனிடம் அணுகுண்டு சாத்தியமா என்று ஆராயச் சொன்னது. 1943இல் நிஷினா சாத்தியம் என்ற திசையில் அறிக்கை அளித்தார். திட்டத்திற்கு "நி-கோ" என்று பெயர் வைத்தார்கள். நிஷினாவின் முதல் எழுத்துத்தான் அந்த "நி". கடற்படை தனியே கியோட்டோவில் இயற்பியலாளர் அரகாத்சுவிடம் வேறொரு திட்டத்தை ஒப்படைத்தது. ராணுவமும் கடற்படையும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாத நாட்டில் இதில் வியப்பில்லை. நி-கோவின் வழி வெப்பப் பரவல். யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை, உள்ளே சூடும் வெளியே குளிர்ச்சியுமாக உள்ள உயரமான குழாயில் நிறுத்தினால், குண்டுக்குத் தேவையான இலேசான யுரேனியம் 235 சூடான பக்கமாகச் சற்றே கூடுதலாகச் சேரும் என்பது எதிர்பார்ப்பு. ரிக்கெனின் 49ஆம் எண் கட்டடத்தில் ஒரு குழாயைக் கட்டினார்கள். குறிப்பிடத்தக்க அளவு எதுவும் பிரியவில்லை. 1945 ஏப்ரல் விமானத் தாக்குதலில் அந்தக் கட்டடம் எரிந்து, வேலையும் நின்றது. தாதுவுக்காக ஃபுகுஷிமா மாகாணத்தின் இஷிகாவாவில் பள்ளிச் சிறுவர்களைக் கொண்டு மலையைத் தோண்ட வைத்தார்கள். 

அவருடைய அபிமானிகள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், இளைஞர்களைப் போர்முனைக்குப் போகாமல் காப்பாற்றவும், ராணுவப் பணத்தில் அடிப்படை ஆய்வை நடத்தவுமே நிஷினா இதை ஏற்றார் என்பது. வசதியான விளக்கம்.

மாலை_நடை:

வசதியான விளக்கம் என்பதால் மட்டுமே அது பொய்யாகிவிடாது. இளம் ஆய்வாளர்கள் படைக்கு அழைக்கப்படாமல் ஆய்வகத்தில் இருந்தது உண்மை. போர் நடுவிலேயே, 1943இல், ரிக்கென் இதழில்தான் டோமோனாகா, குவாண்டம் புலங்களைச் சார்பியலோடு பொருத்தும் தம் சூப்பர் மெனி-டைம் கோட்பாட்டை வெளியிட்டார். நோபல் பரிசுக்குக் கொண்டுசென்ற வழியின் தொடக்கம் அது.

நூலகத்_தூசி:

மறுக்கவில்லை. ஆனால் 1945 ஆகஸ்ட் 7 அன்று நிஷினா தம் ஆய்வகத்து இளையவர் தமாகிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. முந்தைய நாள் ஹிரோஷிமா. அங்கே போட்டது அணுகுண்டு என்ற அமெரிக்க அதிபர் ட்ரூமனின் அறிவிப்பு வந்துவிட்டது. அறிவிப்பு உண்மையானால் நி-கோவில் இருந்த நாம் ஹரகிரி செய்துகொள்ள வேண்டிய வேளை வந்துவிட்டது, அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நம் 49ஆம் கட்டடத்தின் ஆட்களை வென்றுவிட்டார்கள் என்று அதில் எழுதுகிறார். ராணுவத்தை ஏமாற்றிக்கொண்டு ஒப்புக்கு ஆய்வு நடத்திய ஒருவர் இப்படி எழுதுவாரா? தோற்றுவிட்டோம் என்ற அவமானம் அல்லவா அதில் இருக்கிறது?

பழைய_கரும்பலகை:

அந்தக் கடிதத்தை நானும் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நூலகத்_தூசி சொல்வதே சரி. ஒப்புக்கு நடத்திய ஆய்வு என்ற கதை அந்தக் கடிதத்தின் முன் நிற்காது. இளைஞர்களைக் காத்ததும், குண்டு செய்ய மனப்பூர்வமாக முயன்றதும் ஒரே மனிதர்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்கப் பார்க்கும்போதுதான் நாம் அவரை இழக்கிறோம்.

அடுத்த நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 8 அன்று ராணுவ விமானத்தில் ஹிரோஷிமா போனார். மேலிருந்து நகரத்தைப் பார்த்தபோதே இது அணுகுண்டு தவிர வேறல்ல என்று தமக்குத் தெரிந்துவிட்டது எனப் பின்னர் கூறியிருக்கிறார். ஆனால் பார்வையை மட்டும் நம்பி அறிக்கை கொடுக்கவில்லை. மருத்துவமனையில் உறையே பிரிக்காமல் வைத்திருந்த எக்ஸ்ரே படச்சுருள்கள் கருத்துப்போயிருந்தன. சேகரித்த மாதிரிகளை டோக்கியோவுக்கு அனுப்பி, ரிக்கெனில் கதிரியக்கத்தை அளக்கச் செய்தார்கள். 10ஆம் தேதி ராணுவத்தினரும் அறிவியலாளரும் கூடிய கூட்டத்தில் அது அணுகுண்டுதான் என்று முடிவானது. அதன்பின் நாகசாகிக்கும் போனார். கதிர்வீச்சு இன்னதென்று அந்த நாட்டில் மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் அந்த இடிபாடுகளுக்கிடையே நடந்தார்.

சுருள்வில்_தராசு:

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். ஓர் ஐயம். நி-கோவின் வழி வெப்பப் பரவல்தான், சைக்ளோட்ரானுக்கும் குண்டுக்கும் தொடர்பு இல்லையென்றால் அமெரிக்கர்கள் ஏன் அதை உடைத்தார்கள்?

கடலோரவாசி:

தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவிலேயே அந்தத் தொழில்நுட்பம் குண்டுக்குப் பயன்பட்டது. ஆனால் ரிக்கெனின் கருவிகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல, அதற்குப் போதுமானவையும் அல்ல. முதல் சைக்ளோட்ரான், அமெரிக்காவுக்கு வெளியே மிக முன்னதாக இயங்கியவற்றுள் ஒன்று, 1937இல் தயாரானது. அதில் உண்டாக்கிய ஐசோடோப்புகளைச் செடியிலும் விலங்கிலும் செலுத்தி ஆராய்ந்தார்கள். 1940இல் நிஷினாவும் வேதியியலாளர் கென்ஜிரோ கிமுராவும் வேக நியூட்ரான்களால் யுரேனியத்தைத் தாக்கி, யுரேனியம் 237 என்ற புதிய ஐசோடோப்பைக் கண்டறிந்தார்கள். அது பீட்டாக் கதிரை வெளிவிட்டு 93ஆம் தனிமமாக மாறுகிறது. அந்த 93ஐ வேதியியல் முறையில் பிரித்தெடுக்க அவர்களால் முடியவில்லை. அதே ஆண்டு பெர்க்லியில் மக்மில்லனும் ஏபெல்சனும் வேறொரு ஐசோடோப்பின் வழியே நெப்டூனியத்தைக் கண்டார்கள். நூலால் நழுவியது என்பார்களே, அதுபோல.

இரண்டாவது கருவி பெரியது: 60 அங்குலம், காந்தம் மட்டுமே 200 டன்னுக்கு மேல். அதன் காந்தம் சைக்ளோட்ரானைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் லாரன்ஸ் பெர்க்லியில் கட்டியதற்கு இரட்டைப்பிள்ளை. லாரன்ஸின் உதவியோடுதான் வந்தது. அது ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்குள் இரு நாடுகளும் போரில் இருந்தன.

போர் முடிந்ததும், உயிரியல், மருத்துவ ஆய்வுகளுக்காக அதை இயக்க நிஷினா அனுமதி கேட்டார்; முதலில் கொடுத்தார்கள், பிறகு பறித்துக்கொண்டார்கள். 1945 நவம்பர் 24 அன்று படையினர் வந்து இறங்கினார்கள். பல நாட்கள் வேலை. எரிவாயுத் தீக்கழியால் அறுத்து, துண்டு துண்டாக்கி, லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் டோக்கியோ விரிகுடாவில் தள்ளினார்கள். ஒசாகாவிலும் கியோட்டோவிலும் இருந்தவற்றுக்கும் அதே கதி. சுருள்வில்_தராசு கேட்ட "ஏன்" என்பதற்கு நேர்மையான விடை, வாஷிங்டனில் யாரோ புரியாமல் பிறப்பித்த ஆணை என்பதுதான். முதலில் எதிர்த்துக் குரல் எழுப்பியவர்கள் அமெரிக்க அறிவியலாளர்களே. ஓக் ரிட்ஜில் குண்டுக்காக உழைத்தவர்கள், இது ஜப்பானிய நூலகங்களைக் கொளுத்துவதற்கும் அச்சு எந்திரங்களை உடைப்பதற்கும் சமம் என்று எழுதினார்கள். டிசம்பரில் போர்த்துறைச் செயலர் பேட்டர்சன் தவறு என்று ஒப்புக்கொண்டார். 1947இல் நிஷினா தாமே அமெரிக்க அணு அறிவியலாளர்களின் இதழில் நடந்ததை விவரித்து எழுதினார்.

நூலகத்_தூசி:

இந்தப் பகுதியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அதற்குப் பிறகு அவர் ஆய்வு எதுவும் செய்யவில்லையே?

மாலை_நடை:

செய்ய முடியாமல் போனது. ரிக்கென் தன் கண்டுபிடிப்புகளை விற்கும் பல நிறுவனங்களைத் தன்னைச் சுற்றி வளர்த்திருந்ததால், அதையும் முதலாளிக் குழுமமாகக் கருதிக் கலைத்தார்கள். 1948இல் அது ஒரு கம்பெனியாக மறுபிறவி எடுத்தபோது நிஷினாவே தலைவர். டிராக் சமன்பாட்டோடு மல்லாடியவர் பெனிசிலின் உற்பத்தியையும், மாதச் சம்பளத்துக்குப் பணம் வந்துசேருமா என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில்தான் டோமோனாகா எரிந்த நகரத்தில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஒளியும் எலக்ட்ரானும் வினைபுரிவதை விவரிக்கும் குவாண்டம் மின்னியக்கவியலின் கணக்குகளில் விடையாக வந்து நின்ற முடிவிலிகளைத் தீர்த்தார். 1951 ஜனவரி 10 அன்று ஈரல் புற்றுநோயால் நிஷினா இறந்தார். அந்த ஆண்டு மே மாதம் ஜப்பான் வந்த லாரன்ஸ், சைக்ளோட்ரானை மறுபடி கட்டுங்கள் என்று ஊக்கினார். 1952இல் சிறிய ஒன்று எழுந்தது.

காமா_குறிப்பேடு:

தொடங்கியவன் என்ற முறையில் எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். எந்த அளவு சரி என்று கேட்டது பிழையான கேள்வி. தராசின் ஒரு தட்டில் சூத்திரத்தையும் மறு தட்டில் நி-கோவையும் வைக்க முயன்றேன். நீங்கள் எல்லோரும் அவர் சேர்த்துவைத்த மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். பயிற்சி மாணவிக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். இரண்டு கேள்விகளோடு திரும்பி வந்திருக்கிறார். எனக்கு விடை தெரியவில்லை. முதலாவது, நிஷினாவின் கல்லறை எங்கே இருக்கிறது?

கடலோரவாசி:

டோக்கியோவின் தமா கல்லறைத் தோட்டத்தில். பக்கத்திலேயே டோமோனாகாவின் அஸ்தியில் ஒரு பகுதி, ஆசிரியருடன் உறங்குகிறார் என்ற பொருள்பட எழுதிய கல்லோடு. இன்னொரு பக்கம் ஹாரி கெல்லி என்ற அமெரிக்க இயற்பியலாளரின் அஸ்தியில் ஒரு பகுதி. சைக்ளோட்ரான்களை உடைத்த அதே ஆக்கிரமிப்பு நிர்வாகத்தில், உடைத்து முடித்த பிறகு, ஜப்பானிய அறிவியலைக் கவனிக்க வந்தவர் அவர். மாணவியின் இரண்டாவது கேள்வி என்ன?

காமா_குறிப்பேடு:

விரிகுடாவில் போட்டதை யாராவது எடுத்தார்களா என்று.